நெட்வொர்க் பாலிசி சர்வர்: அமைப்புகளைப் பிரதியெடுத்துப் புதிய இயந்திரத்துக்கு மாற்றிய அனுபவம்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கல்வி அறக்கட்டளையின் கணினி வலையமைப்பைக் கவனித்து வருகிறேன். அதன் அலுவலகம் பழைய நகரத்தார் வீடு ஒன்றில் இயங்குகிறது. கனமான அந்தச் சுவர்களை வைஃபை எளிதில் தாண்டாது என்பதால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று எங்கும் ஆக்சஸ் பாயின்ட் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் நெட்வொர்க் பாலிசி சர்வரில் (வலைக்குள் யாரை விடலாம் என்று தீர்மானிக்கும் விண்டோஸ் சேவை; சுருக்கமாக என்பிஎஸ்) ஒரு ரேடியஸ் கிளையன்ட், அதாவது நுழைவு அனுமதியை அதனிடம் கேட்கும் சாதனம். ஒவ்வொன்றுக்கும் தனி ரகசியச் சொல். யார் எந்த வலைக்குள் நுழையலாம் என்ற விதிகளும் அதே சர்வரில்தான் இருக்கின்றன.

அது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. மைக்ரோசாஃப்டின் நீட்டித்த ஆதரவும் 2023 அக்டோபரில் முடிந்துவிட்டதால், 2019 பதிப்புக்கு மாற முடிவெடுத்தோம்.

பிரதியெடுப்பது எளிது. பவர்ஷெல்லில் ‘எக்ஸ்போர்ட்-என்பிஎஸ்கான்ஃபிகரேஷன்’ கட்டளையுடன் பாதையைக் கொடுத்தால் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு கிடைத்துவிடும். பழைய ‘நெட்எஸ்ஹெச்’ வழியிலும் எடுக்கலாம். அதில் ‘எக்ஸ்போர்ட்பிஎஸ்கே’ (ரகசியச் சொற்களையும் சேர்க்கவா என்ற தேர்வு) என்பதற்கு ‘யெஸ்’ (YES) என்று கொடுக்க வேண்டும்.

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ரகசியச் சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வரிசையாக நிற்கும். இதைப் பொதுக் கோப்புறையில் போடுவதும் மின்னஞ்சலில் அனுப்புவதும் வீட்டுச் சாவிக்கொத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். நாங்கள் பிட்லாக்கரால் பூட்டிய பென் டிரைவில் வைத்து, அலுவலக இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைக்கக் கொடுத்தோம். “பத்திரங்களோடு வைக்கிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது தம்பி?” என்று கணக்கர் கேட்டார். “நம் வலைக்குள் நுழைகிற எல்லாக் கதவுகளின் சாவியும் இதில் இருக்கிறது அண்ணே” என்றேன். மறுபேச்சில்லாமல் பதிவேட்டில் எழுதி உள்ளே வைத்தார்.

இனி, கோப்பில் வராதவை. எஸ்க்யூஎல் சர்வரில் பதிவு எழுதும் அமைப்பு வராது. புதிய இயந்திரத்தில் கையால் அமைக்க வேண்டும். சர்வர் சான்றிதழும் வராது. அதைத் தனிச்சாவியுடன் தனியாக எடுக்க வேண்டும், அல்லது புதிதாகப் பெற வேண்டும். நாங்கள் புதிதாகப் பெற்றோம். அதனால் ஒவ்வொரு விதியிலும் பீப் (PEAP, சான்றிதழ் கொண்டு உள்நுழைவைப் பாதுகாக்கும் முறை) அமைப்பைத் திறந்து சான்றிதழை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இறக்கிய விதிகள் பழைய சான்றிதழையே தேடும். ஆக்டிவ் டைரக்டரியில் (பயனர் கணக்குகளை வைத்திருக்கும் விண்டோஸ் அடைவு) புதிய சர்வரைப் பதிவு செய்வதும் தனி வேலை.

‘இம்போர்ட்’ கட்டளை ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளை அழித்துவிட்டுத்தான் எழுதும். ஆகவே வெறும் சர்வரில் மட்டுமே இறக்குங்கள். புதிய பதிப்பில் எடுத்த கோப்பைப் பழைய பதிப்பில் இறக்கவும் கூடாது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதற்குப் பிறகு வந்தது. ஆக்சஸ் பாயின்ட்டுகள் மாறாமலிருக்கப் பழைய ஐபி முகவரியையே கொடுத்தோம். விதிகள் சரி, சான்றிதழ் சரி. ஆனால் ஒரு ஆசிரியர்கூட உள்ளே நுழைய முடியவில்லை. சர்வரின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில், அனுமதித்ததைக் குறிக்கும் 6272 என்ற எண் இல்லை, மறுத்ததைக் காட்டும் 6273-ம் இல்லை. கோரிக்கையே என்பிஎஸ்-ஐ எட்டவில்லையோ என்று சந்தேகம் வந்தது. ரேடியஸ் கோரிக்கைகள் வரும் 1812, 1813 போர்ட்டுகளுக்கான ஃபயர்வால் விதிகள் இயங்குவதாகக் காட்டினாலும் 2019 பதிப்பில் அவை வேலை செய்யாத குறை உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘எஸ்சி சிட்டைப் ஐஏஎஸ் அன்ரெஸ்ட்ரிக்டட்’ (sc sidtype IAS unrestricted; ஐஏஎஸ் என்பது என்பிஎஸ் சேவையின் உட்பெயர்) என்று கொடுத்து, சர்வரை மறுபடி துவக்கியதும் 6272 வரிசையாக வந்தது. பவர்ஷெல்லில் ‘எஸ்சி’ என்பது வேறு கட்டளையின் சுருக்கம். அங்கே கொடுத்தால் பயனில்லை.

இப்போது விதியில் எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன்பும் பின்பும் தேதியிட்டு ஒரு பிரதி எடுக்கிறோம். தேவகோட்டைக் கிளைக்கு, முதல் சர்வருக்கு மாற்றாக நிற்கும் இரண்டாவது சர்வர் வரவிருக்கிறது. அதையும் இதே கோப்பை இறக்கித்தான் அமைக்கப்போகிறோம். சான்றிதழும் ஆக்டிவ் டைரக்டரிப் பதிவும் அதற்கும் தனியாகத்தான்.