பத்து வரிசை

28.5.2024, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறது. காற்று அப்படியேதான் இருக்கிறது. என் கணவருக்கு எடை 2 கிலோ 800 கூட. தண்ணீரை அளந்து அளந்து கொடுத்தும் இப்படி. உள்ளே அவருக்கு டயாலிசிஸ் நான்கு மணி நேரம், வெளியே எனக்கு அதே நான்கு மணி நேரம். போனில் ஸ்பைடர் என்கிற சீட்டாட்டம் ஆடினேன், நான்கு சின்னமும் வைத்து. ஜெயித்தேன்.

29.5.2024, புதன்

ஜெயித்ததை அவரிடம் சொன்னேன். "அன்டூ போட்டியா?" என்றார். வைத்த சீட்டைத் திரும்ப எடுப்பதுதான் அன்டூ. போட்டேன், நூறு தடவைக்கு மேல் இருக்கும். "அப்ப கவுந்திருக்கிற சீட்டை எடுத்துப் பார்த்துட்டுத் திருப்பி வெச்ச மாதிரிதானே" என்றார்.

மதியம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். 104 சீட்டில் 54 தரையில் இறங்கும், அதில் 44 கவிழ்ந்து கிடக்கும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எடுத்து வைப்பதுதான் இந்த ஆட்டம். நான் தெரிந்துகொண்டு வைக்கிறேன்.

அவர் ஆபீஸ் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் சாப்பாட்டு நேரத்தில் ஆடியவர். 500 மார்க்கில் தொடங்கும், ஒரு சீட்டை நகர்த்தினால் 1 போகும், ராஜாவிலிருந்து ஏஸ் வரை ஒரு கட்டு சேர்ந்தால் 100 வரும். அந்தக் கணக்கை இன்றும் அப்படியே சொல்கிறார்.

பீரோவில் இரண்டு சீட்டுக்கட்டு இருந்தது. ஒன்றின் முதுகு சிவப்பு, இன்னொன்று நீலம்.

30.5.2024, வியாழன்

என் கிட்னியை அவருக்குக் கொடுக்க முடியுமா என்று பார்க்க எனக்கு ஏழு ட்யூப் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் பத்து நாளில்.

31.5.2024, வெள்ளி

ஹாலில் கோரைப்பாயை விரித்துப் பத்து வரிசை போட்டேன். முதல் நான்கு வரிசைக்கு ஆறு ஆறு சீட்டு, மற்றதற்கு ஐந்து ஐந்து. மேல் சீட்டு மட்டும் மலர்த்தி. போனில் உள்ளங்கைக்குள் அடங்குவது தரையில் பாய் முழுக்க வருகிறது. மண்டி போட்டு நகர்ந்து நகர்ந்து ஆட வேண்டியிருக்கிறது.

ஃபேன் போட்டால் சீட்டு பறக்கிறது. நிறுத்தினால் அவருக்கு வேர்க்கிறது, வேர்த்தால் தாகம். அத்தையின் பல்லாங்குழிப் பெட்டியிலிருந்து பத்து சோழி எடுத்து வரிசைக்கு ஒன்றாக மேலே வைத்தேன். நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் சோழியை எடுத்து, சீட்டை நகர்த்தி, சோழியை வைக்க வேண்டும். கை மெதுவாகிறது. கை மெதுவானால் கண் நன்றாகப் பார்க்கிறது என்று இன்றைக்குத் தெரிந்தது.

அத்தை வாசலில் நின்று பார்த்தார். "வெள்ளிக்கிழமை அதுவுமா, விளக்கு வெக்கிற நேரத்துல சீட்டா? வீட்டுக்கு ஆகாதும்மா." நான் ஒன்றும் சொல்லவில்லை. மீதிச் சீட்டை வரிசைக்கு ஒன்றாகப் போடுவது ஒரு சுற்று. இரண்டாவது சுற்றிலேயே அடைத்துக்கொண்டது. கலைத்துவிட்டேன்.

இரவு அவருடைய டயாலிசிஸ் ஊசிக் கையைத் தொட்டு, ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடுகிறது.

1.6.2024, சனி

எடை 2.1 கூட. நல்ல நாள்.

4.6.2024, செவ்வாய்

ஓட்டு எண்ணிக்கை. டிவி முன்னால் எல்லோரும். நாற்பதுக்கு நாற்பது என்று உள்ளே படுத்திருந்தவர்கள்கூட ஊசிக் கையை அசைக்காமல் மற்றக் கையைத் தூக்கிக் காட்டினார்களாம். அவர் கதை கதையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிட்டார். ஆடவில்லை.

6.6.2024, வியாழன்

ஒன்று பிடிபட்டது. எழுதி வைக்கிறேன்.

எந்தச் சீட்டையும் அதற்கு அடுத்த பெரிய சீட்டின் மேல் வைக்கலாம், சின்னம் எதுவானாலும் சரி. ஆனால் கொத்தாகத் தூக்குவதற்கு எல்லாம் ஒரே சின்னமாக இருக்க வேண்டும். டைமன் 5 மேல் கிளாவர் 4 வைத்தால், அந்த 4 எழுந்து போகும்வரை 5 நகராது. அதனால் முதலில் ஒரே சின்னம் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். சேராவிட்டால் பெரிய சீட்டிலிருந்து தொடங்க வேண்டும். ராணி மேல் ஜாக்கி வைத்தால் அதன் மேல் இன்னும் பத்து சீட்டு வர இடம் உண்டு. 5 மேல் 4 வைத்தால் மூன்றோடு முடிந்தது. இவ்வளவு நாள் கண்ணில் பட்டதை எல்லாம் அவசரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏஸ் மேல எதுவும் வராது, அதை எங்க போடறேன்னு பார்த்துப் போடு" என்றார். கையில் ஐஸ் கட்டி டம்ளர். அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டி.

9.6.2024, ஞாயிறு

இன்று முதல் தடவையாக ஐந்தாவது சுற்று வரை போனேன். இதுவரை மூன்றாவதிலேயே மனசு விட்டுக் கலைத்துவிடுவேன். கடைசிச் சுற்று போட்டுக்கொண்டே வந்தால், ஒன்பதாவது வரிசையோடு கையில் சீட்டு இல்லை. பத்தாவது வரிசைக்கு ஒன்றும் இல்லை.

மூன்று முறை எண்ணினேன். 103. சின்னம் சின்னமாகப் பிரித்து அடுக்கினேன். சிவப்புக் கட்டில் டைமன் 8 இல்லை.

ஒன்பது நாளாக இல்லாத ஒரு சீட்டை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். எட்டு கட்டும் சேரவே சேராத ஆட்டம். பீரோ அடி, கட்டில் அடி, அரிசி டின் பின்னால், எல்லாம் பார்த்தாயிற்று. அழுகை வந்தது. சீட்டுக்காக இல்லை என்று அவருக்குத் தெரியும், ஒன்றும் கேட்கவில்லை.

10.6.2024, திங்கள்

சிவப்புக் கட்டின் ஜோக்கரில் மார்க்கர் பேனாவால் டைமன் 8 என்று எழுதினார். எட்டு டைமனும் வரைந்தார். கை நடுங்கியதில் ஒன்று மட்டும் கோணல்.

11.6.2024, செவ்வாய்

பத்து நாள் தாண்டிவிட்டது. சாம்பிள் சரியில்லையாம், மறுபடி கொடுக்க வேண்டுமாம். போனிலேயே சொல்லியிருக்கலாம். நாமாகப் போய்க் கேட்கும்வரை ஒருவரும் சொல்லவில்லை. கோபத்தில், பொட்டாசியம் போகக் காயை வேகவைத்து வடித்த தண்ணீரை மறந்துபோய் ரசத்தில் ஊற்றிவிட்டேன். அவ்வளவு ரசத்தையும் கொட்டினேன்.

15.6.2024, சனி

காலி இடம். இந்த ஆட்டத்தில் எல்லாமே அதுதான்.

ஒரு வரிசை காலியாக இருந்தால், சின்னம் ஒட்டாத இரண்டு துண்டுகளை வேறு வரிசைக்கு மாற்றிவிடலாம். நுனித் துண்டைக் காலி இடத்தில் வைத்து, அதற்கு அடியில் இருந்த துண்டை அனுப்பி, பிறகு நுனித் துண்டை அதன் மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். இரண்டு காலி இருந்தால் நான்கு துண்டு. மூன்று இருந்தால் எட்டு. சோழியை வைத்துச் செய்து பார்த்தேன், சரியாக வருகிறது.

ஆனால் காலி இடத்தை வைத்துக்கொண்டு அடுத்த சுற்று போடக் கூடாது. பத்து வரிசையிலும் ஒரு சீட்டாவது இருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுக் காலி செய்த இடத்தில் நானே ஒரு சீட்டை வைத்து அடைக்க வேண்டும். இன்று அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராஜாவை வைக்கலாம், அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. வைத்தால் அந்த வரிசை அவனுக்குத்தான். "சுத்து போடுறதுக்கு முன்னால எத்தனை தடவை வேணாலும் பாரு, போட்ட பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்ல" என்றார்.

ஓடுகிறது.

17.6.2024, திங்கள்

பக்ரீத். எதிர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அவருக்கு உப்பு ஆகாது என்று தெரிந்து தனியாக ஒரு கிண்ணம், உப்பே போடாமல் செய்து கொடுத்திருக்கிறார்கள். இதற்கு நான் என்ன செய்யப்போகிறேன்.

20.6.2024, வியாழன்

மறுபடி ஏழு ட்யூப்.

22.6.2024, சனி

ஒரு கட்டு சேர்ந்தது! இஸ்பேட் ராஜாவிலிருந்து ஏஸ் வரை 13 சீட்டு, கையால், அன்டூ இல்லாமல். பாயை விட்டு எடுத்து அத்தையின் பெட்டி மேல் வைத்தேன். அத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிறம் கலந்திருக்கே முதுகுல" என்றார். அது பரவாயில்லை என்றேன். அப்புறம் ஆட்டம் அடைத்துக்கொண்டது. பரவாயில்லை.

29.6.2024, சனி

ஊசி போட்ட அசதியிலும் மேட்ச் பார்த்தார். 30 பந்துக்கு 30 ரன் என்று வந்ததும் டிவியை நிறுத்தச் சொன்னார். அத்தைதான் நிறுத்தவில்லை. எல்லைக் கோட்டில் அந்த கேட்ச் பிடித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். ராத்திரி பன்னிரண்டுக்கு அரை டம்ளர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். நாளைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

2.7.2024, செவ்வாய்

என் ரத்தமும் அவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் நெகட்டிவ். நெகட்டிவ் என்றால் நல்லது. அத்தைக்கு இதைப் புரியவைக்க நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை கேட்டதும் முகம் போன போக்கு.

3.7.2024, புதன்

கிட்னி கொடுக்க அனுமதி தரும் கமிட்டிக்குக் கல்யாண ஆல்பம் வேண்டுமாம். ரேஷன் கார்டு, ஆதார், ஆல்பம். நான் அவர் மனைவிதான் என்று காட்டுவதற்கு.

4.7.2024, வியாழன்

எடை 1.9 கூட.

7.7.2024, ஞாயிறு

வெள்ளிக்கிழமை போட்ட ஆட்டம் இன்னும் பாயில் இருக்கிறது. மூன்று கட்டு சேர்ந்து பெட்டி மேல் போய்விட்டது. கவிழ்ந்தது இன்னும் இரண்டே இரண்டு. கையில் கடைசிச் சுற்றுக்கான சீட்டு, எண்ணிவிட்டேன், பத்து. அவர் எழுதிய டைமன் 8 டைமன் 9 மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தாவது வரிசை காலி. ஆட்டின் (ஹார்ட்) ராணியை வை என்கிறார். எனக்கு இஸ்பேட் 9தான் தோன்றுகிறது. அது எழுந்தால் அடியில் கவிழ்ந்த சீட்டு ஒன்று திறக்கும்.

நாளை பத்து மணிக்குக் கமிட்டி. பாயைச் சுருட்ட வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார். நாற்காலிகளைச் சுற்றிப் போட்டு, பழைய புடவை ஒன்றைக் குறுக்கே கட்டியிருக்கிறார். சோழி ஒன்று குறைந்தது, அதற்குப் பதில் ஒரு புளியங்கொட்டை.

ஓடுகிறது. இஸ்பேட் 9தான் வைக்கப்போகிறேன்.