புயல் கூண்டு பற்றி மீனவர்கள் முன் பேசிய அனுபவம்

கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிப் பக்கத்து மீனவக் கிராமத்தில் பேசச் சொன்னார்கள். நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை ஏறியதை நேரில் பார்த்தவர்களுக்குப் போய் நான் காற்றைப் பற்றி என்ன சொல்ல? ‘புயல் என்றால் என்ன’ என்று தொடங்கும் ஸ்லைடுகளை முதலிலேயே தூக்கிவிட்டேன்.

ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதி வைத்தேன்: கூண்டு எண்ணைக் கேட்டதும் புயல் நமக்கு எந்தப் பக்கம் கடக்கும் என்று சொல்லத் தெரியணும். அதற்கு உதவாத எதுவும் வேண்டாம். செயற்கைக்கோள் படம் ஒன்று ரொம்ப அழகாக இருந்தது. மனசே இல்லாமல் அதையும் எடுத்தேன்.

முன்கூட்டியே போய்க் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தது நல்லதாயிற்று. காலையில் மீன் ஏலம், மதியம் தூக்கம், ஆகவே சாயங்காலம் ஐந்து மணிதான் தோது என்றார் ஊர்ப் பெரியவர். ஆனால் அந்த நேரத்து வெயில் மேற்கு ஜன்னல் வழியாக நேரே திரையில் விழும். ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். தமிழ் எழுத்துகள் வேறு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவிலும் கைபேசியிலும் வைத்துக்கொண்டேன்.

வீட்டு மொட்டை மாடியில் பேசிப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் மட்டும் மனப்பாடம், மீதிக்குக் குறிப்புச் சீட்டு. முழுசையும் மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு குழந்தை அழுதாலும் வரி அறுந்துபோகும்.

அன்றைக்குக் கூடத்தில் எல்லோரையும் எழுந்து கடலைப் பார்த்து நிற்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே நின்றார்கள். “இடது கை எந்த ஊர்ப் பக்கம்?” “பாண்டி!” “வலது கை?” “பரங்கிப்பேட்டை!” சரி, அவ்வளவுதான் பாடம். 5, 8 என்றால் இடது கைப் பக்கம், அதாவது நமக்கு வடக்கே கடக்கும். 6, 9 என்றால் வலது கைப் பக்கம், தெற்கே. 7, 10 என்றால் நம் மேலேயே அல்லது மிக அருகில். 5 முதல் 7 வரை புயல், 8 முதல் 10 வரை கடும் புயல். நான் எண் சொல்லச் சொல்லக் கைகள் உயர்ந்தன. பத்து என்றதும் ஒரு பையன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

அப்புறம் அட்டையில் வெட்டிய புயல் வட்டம். நம் பக்கத்தில் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். அதற்கேற்ப அம்புக்குறி ஒட்டியிருந்தேன். வட்டத்தைக் கடலூருக்குத் தெற்கே நகர்த்தினால் அம்புகள் கடலிலிருந்து ஊரைப் பார்க்கும். தண்ணீரைக் கரைமேல் தள்ளும். வடக்கே நகர்த்தினால் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். “அப்போ எட்டுன்னா பயமில்லையா டீச்சர்?” என்று ஒருவர் கேட்டார். கடல் ஏறுவது குறையலாம் அண்ணே, ஆனால் கூரையைப் பிய்க்கிற காற்றும் மழையும் இருக்கும், படகைக் கட்டித்தான் ஆகணும் என்றேன். ப்ரொஜெக்டர் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. அட்டைக்காகவே முன்வரிசைக்கு நகர்ந்து வந்தார்கள்.

நான் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டவர் மீன் விற்கும் அக்கா ஒருவர். “ஃபெங்கல் கடந்த பொறவு எதுக்கு வெள்ளம் வந்துது? கூண்டு சொல்லலியே?” கூண்டு துறைமுகத்துக்குச் சொல்வது, ஆற்றுக்கு இல்லை அக்கா என்றேன். 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்த புயல் உள்ளே போய்த் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் கொட்டித் தீர்த்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக நம்மிடம்தான் வந்து கடலில் சேர வேண்டும். அதற்குக் கூண்டைப் பார்த்துப் பயனில்லை, அணைத் தண்ணீர் திறப்பு அறிவிப்பைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த கிராமத்தில் இந்தக் கேள்வியையே நடுவில் வைத்துப் பேசப் போகிறேன். ப்ரொஜெக்டர் எடுத்துப் போவதாக இல்லை. அட்டையை மட்டும் கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக வெட்டணும்.