ஜூன், ஆம்ப், இடது காது

ஜூன் 2

நானே கட்டும் வால்வு கிட்டார் ஆம்ப்பில் இன்றைக்கு, வால்வுகளைச் சூடேற்றும் ஹீட்டர் வயர் மட்டும். இரண்டு வயரையும் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை ட்ரில்லில் மாட்டிச் சுற்றவிட்டால் ஒரு நிமிடத்தில் கயிறு போல முறுக்கேறிவிடும். நான் கையாலேயே முறுக்கினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆகட்டும், வேறு என்ன வேலை.

முன்பகுதி வால்வு 12ஏஎக்ஸ்7-க்கு 4, 5 பின்களைச் சேர்த்து ஒரு வயர், 9-க்கு மற்றது. ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு 6வி6-க்கு 2, 7. இரண்டு வால்வுக்கும் சேர்த்து முக்கால் ஆம்பியர் ஏசி. நெருக்கி முறுக்கினால் ஒரு வயரின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். தளர்வாக விட்டால் பக்கத்தில் உள்ள கிரிட் (வால்வில் சிக்னல் நுழையும் முனை) எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். பழைய ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்பில் ஹீட்டரின் ஒரு பக்கத்தை உலோகச் சட்டமான சேசிஸிலேயே இணைத்திருப்பார்கள். நான் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு நடுவைக் கிரவுண்டு செய்தேன்.

இடது காதுக்கு, காலை ஆறு மாத்திரை.

ஜூன் 3

மணி 2.40. தூக்கம் இல்லை. மாத்திரை அப்படித்தான் செய்யும் என்று முன்பே சொன்னார்கள்.

ஜூன் 5

ரிச்சி தெரு. மேலே உலோக வலை சுற்றிய ஷீல்டு வயர் கேட்டேன். கடைக்காரர் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டார். திரும்பி நின்று மறுபடி கேட்க வைத்தேன். "மைக் வயரா சார்?" அவ்வளவுதான் கேட்டிருக்கிறார். சிங்கிள் கோர், மெல்லியது வேண்டும் என்றேன். பென்சில் தடிமனில் ஒன்றை எடுத்துப் போட்டார். மூன்று கடை தாண்டித்தான் கிடைத்தது.

கிட்டார் செருகும் ஜாக்கிலிருந்து 12ஏஎக்ஸ்7-இன் 2-ஆம் பின்னுக்குப் போகும் வயர் இது. உள்ளே வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். இங்கே ஒட்டிக்கொள்ளும் அழுக்கை இதற்குப் பிறகு வரும் எல்லாமே பெருக்கிக் காட்டும். வலையை ஜாக் பக்கம் மட்டும் கிரவுண்டு செய்து, சாக்கெட் பக்கம் ஒட்ட நறுக்கி ஸ்லீவ் போட்டேன். இரண்டு முனையிலும் இணைத்தால் அந்த வலையே ஒரு கிரவுண்டு பாதையாகிவிடும். 68கே ரெசிஸ்டரை ஜாக்கில் வைக்காமல் 2-ஆம் பின்னிலேயே, அதன் காலை மிகவும் குட்டையாக வெட்டி, பற்ற வைத்தேன். ரேடியோ நுழையாமல் இருக்க அதுதான் வாசல் காவல்.

ஐந்து மாத்திரை.

ஜூன் 7

ஞாயிறு. ஆம்ப்போடு தொடராக ஒரு பல்பைச் சேர்த்துக் கரண்ட் போட்டேன். பளிச்சென்று எரிந்து மங்கியது. நல்ல சகுனம். வால்வுகள் சூடாக இருபது விநாடி, அப்புறம் ஊளை. சாதாரண ஊளை இல்லை. பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினாள். எனக்கு ஒன்றைப் பொத்தினால் போதுமாக இருந்தது.

ஃபீட்பேக், அதாவது வெளியே போகும் சிக்னலில் உள்ளே திருப்பிவிடும் பங்கு, தலைகீழ். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியின் (வால்வு பக்கச் சுருளின்) இரண்டு வயரை மாற்றிப் போட்டால் தீரும். ஆனால் உள்ளே 340 வோல்ட் ஓடிய இடம். ஸ்விட்சை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். 10கே ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டர் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கை வைத்தேன். ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை செய் என்பார்கள். லுங்கிக்கு ஏது பை? இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

ஊளை நின்றது.

ஜூன் 8

ஹம், விடாத ஒரு ரீங்காரம். ஆம்ப்பிலா, காதிலா?

ஜூன் 9

பாப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைத்தேன். "இருக்குப்பா." எப்படி இருக்கிறது? "ஃப்ரிட்ஜ் மாதிரி." ஸ்விட்சை அணைத்தேன். "இப்போ இல்லப்பா." எனக்கு இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

இனி காதை நம்பிப் பயனில்லை. போன் ஆப் 100 ஹெர்ட்ஸில் நெட்டையாக ஒரு கம்பம், 50-இல் குட்டையாக ஒன்று காட்டியது. அமெரிக்கக் குறிப்புகளில் 60, 120 என்று இருக்கும். நமக்கு 50, 100. 50 என்றால் ஹீட்டர் அல்லது டிரான்ஸ்ஃபார்மர். 100 என்றால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் தாண்டியது: ஃபில்டர், கிரவுண்டு. 12ஏஎக்ஸ்7-ஐப் பிடுங்கினேன். 100 காணாமல் போயிற்று. அப்படியென்றால் முன்பகுதி கிரவுண்டில்தான் கோளாறு.

எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் ஹம் போய்விடும் என்று நண்பர் சொன்னார். ஹம்மும் போகும், ஆளும் போவான். எர்த் வயர் தனி போல்ட்டில் சேசிஸோடு இருக்கிறது. அதைத் தொடப்போவதில்லை.

ஜூன் 10

மூன்று மாத்திரை. இரைச்சல் அப்படியே.

ஜூன் 11

கண்டுபிடித்தேன்! ஜாக்கின் நட்டு. எல்லாக் கிரவுண்டையும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரே போல்ட்டில் சேர்த்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். ஜாக்கை இறுக்கியபோதே அதன் பித்தளைக் கழுத்து சேசிஸைத் தொட்டு இரண்டாவது கிரவுண்டு ஆகிவிட்டது. போதாதற்கு பவர் டிரான்ஸ்ஃபார்மரின் உயர் வோல்ட்டேஜ் சுருளின் நடு வயர், சென்டர் டேப்பும் அந்தப் போல்ட்டுக்கே வருகிறது. முதல் கெப்பாசிட்டர் நிரம்பும்போதெல்லாம், விநாடிக்கு நூறு தடவை, ஒரு தடித்த துடிப்பு அதன் வழியே போகிறது. என் சிக்னலும் அதே தெருவில்தான் நடக்கிறது.

எல்லாவற்றையும் பிரித்தேன். சென்டர் டேப் இப்போது நேராக முதல் கெப்பாசிட்டரின் மைனஸுக்கு. அங்கிருந்து ஒரே ஒரு வயர், இன்சுலேஷன் உரித்த தாமிரக் கம்பிக்கு. கம்பியில் வரிசையாக 6வி6 கேத்தோடு, ஃபில்டர்கள், கடைசியில் 12ஏஎக்ஸ்7-இன் 1.5கே ரெசிஸ்டர். கம்பி சேசிஸைத் தொடுவது ஜாக்கில் மட்டும்.

நூறின் கம்பம் தரையோடு தரை. ஐம்பது மட்டும் நிற்கிறது.

கிட்டார் இன்னும் உறையில்தான்.

ஜூன் 12

ஆடியோகிராம், காது எவ்வளவு கேட்கிறது என்ற சோதனை. கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வலது காது சீக்கிரம் முடிந்தது. இடதில் ஒன்று மிக மெல்லியதாக வந்தது. அழுத்தினேன். மறுபடி வந்தது. அழுத்தினேன். ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல்: "சார், நான் இன்னும் சவுண்ட் கொடுக்கலை."

ஜூன் 13

காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு வயராகத் தள்ளிப் பார்த்தேன், கண் போன் திரையில். ஐம்பது அசையவில்லை. வயர் இல்லை, டிரான்ஸ்ஃபார்மர்தான்.

துளை போடும் முன்பே செய்திருக்க வேண்டிய சோதனையை இன்று செய்தேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, செகண்டரியில் (ஸ்பீக்கர் பக்கச் சுருளில்) ஹெட்ஃபோனை மாட்டி, பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுத்தேன். கையில் வைத்துத் திருப்பத் திருப்ப ஹம் ஏறி இறங்கியது. நான் மாட்டியிருந்த திசையில்தான் அதிகம். தொண்ணூறு டிகிரி திருப்பி ஓர் அங்குலம் தள்ளினால் சுத்தமாக இல்லை, வலது காதில்.

ஹெட்ஃபோனை இடது காதுக்கு மாற்றினேன். கேட்டது. பிளக்கைப் பிடுங்கினேன். கேட்டது.

ஒரு மாத்திரை. நாளையோடு முடிகிறது.

ஜூன் 14

புதிதாக நான்கு துளை. மூன்றாவதில் 4 மி.மீ. பிட் ஒடிந்துவிட்டது. ஞாயிறு, கடை கிடையாது. டாக்டர் நாளை 11 மணிக்கு. பிட் வாங்கிக்கொண்டு அப்படியே போக வேண்டும்.