பூண்டு உரித்த கை

தோல் வெடித்தது இடது கையில் மட்டும்தான். அதிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த மூன்றின் நுனி மட்டும். திருச்சி உறையூரில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். அரிசி களைவது, புளி கரைப்பது, பாத்திரம் அலசுவது என்று இரண்டு கைகளும் ஒரே தண்ணீரில்தான் கிடக்கும். ஆனால் வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலில் நுனி வழவழவென்று பளபளத்தது. அப்புறம் செதில் செதிலாக உரிந்து, குளிர்காலம் வந்ததும் கோடு கோடாகப் பிளந்தது. உப்பு பட்டால் உயிர் போகும். ரேஷன் கடையில் இடது கை விரலை வைத்தால் இயந்திரம் ரேகையை எடுக்காது. கடைக்காரர் வேறு விரல், வேறு விரல் என்று சொல்லிக்கொண்டே இருப்பார், பின்னால் வரிசை முணுமுணுக்கும்.

வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? "எல்லாம் சூடும்மா, சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளி" என்றார் அத்தை. உதவிக்கு வரும் அக்கா பாத்திரச் சோப்பைக் குற்றம் சொன்னார். ஒரு பெரியவர், சேற்றுப்புண் மாதிரி இருக்கிறது, பூண்டை நசுக்கி வைத்துக் கட்டு என்றார். நல்லவேளை, எரிச்சலுக்குப் பயந்து அதைச் செய்யவில்லை. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் நல்ல தோலே கொப்புளித்து வெந்துபோகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மருந்துக்கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்டால் அடங்கும், விட்டால் முன்பைவிட வேகமாகத் திரும்பும்.

கடைசியில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். பார்த்தது மேற்படிப்பு படிக்கும் ஒரு சின்ன வயது டாக்டர். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். "கத்தி எந்தக் கையிலம்மா பிடிப்பீங்க?" என்று கேட்டார். வலது கையில் என்றேன். "அப்போ பூண்டைப் பிடிக்கிறது இந்த மூணு விரல்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினம் ஒரு கிண்ணம் நிறையப் பூண்டு உரிக்கிறவள் நான். சமையல் வேலை செய்பவர்களிடம், கத்தி பிடிக்காத கையில், இதே மூன்று விரல் நுனியில் வருவது பூண்டு ஒவ்வாமையின் அடையாளம் என்று டாக்டர்கள் படிக்கும் பாடத்திலேயே இருக்கிறதாம். ஆனால் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்ட மாட்டோம், பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டும் என்றார். நான் கொண்டுபோயிருந்த டியூபைத் திருப்பிப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். அதில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து என்று மூன்றும் கலந்திருந்தன. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு விதியை மாற்றிவிட்டது. கடைகளில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான்.

பேட்ச் டெஸ்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரத்தம் எடுப்பார்கள், ஊசியால் குத்துவார்கள் என்றெல்லாம் பலர் நினைக்கிறார்கள். அது வேறு சோதனை. இதில் ஊசியே கிடையாது. ஒட்டும் டேப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள், பெரும்பாலும் வாசலினில் குழைத்தது. கவரிங் நகையில் இருக்கும் நிக்கல், சிமெண்டில் இருக்கும் குரோமியம் உப்பு, தலைச்சாயத்தில் இருக்கும் ரசாயனம், வாசனைப் பொருட்கள், பார்த்தீனியச் செடி என்று நம் நாட்டுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதோடு பூண்டில் ஒவ்வாமையைக் கிளப்பும் டைஅல்லைல் டைசல்பைடு என்ற சத்தையும் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் முதுகில் ஒட்டி, பேனாவால் அடையாளம் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

திங்கட்கிழமை ஒட்டினார்கள். 48 மணி நேரம் கழித்துப் புதன்கிழமை எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தார்கள். இந்த இரண்டாவது பார்வையைத் தவறவிடவே கூடாது. இந்த வகை ஒவ்வாமை நிதானமாகக் கிளம்புவது. புதன்கிழமை ஒன்றும் தெரியாத இடம் வெள்ளிக்கிழமை சிவந்து தடித்திருக்கும். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. திருச்சியில் வியர்க்காமல் இருப்பதா! அதனால்தான் தை மாதத்தில் வரச் சொன்னார்கள். அப்படியும் அடுப்படியில் நின்றால் டேப் கழன்றுவிடும் என்று அந்த வாரம் ஆர்டரே எடுக்கவில்லை. தலைக்குக் குளிக்காமல், ஈரத்துணியால் முன்பக்கம் மட்டும் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். அரிப்பு வேறு. சொறிந்தால் போச்சு.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பூண்டுக்கு இரண்டு பிளஸ், நிக்கலுக்கு ஒரு பிளஸ்; பிளஸ் கூடினால் ஒவ்வாமை வலுவானது என்று அர்த்தம். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் கதை எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு, அதனால் நிக்கலில் ஆச்சரியமில்லை. பூண்டு சாப்பிடலாமா என்று கேட்டேன். சாப்பிட்டு இதுவரை ஒன்றும் ஆனதில்லை என்றால் வேகவைத்ததைச் சாப்பிடுங்கள், பச்சையாகத் தொடத்தான் கூடாது என்றார்.

ஆனால் பூண்டு மட்டுமே காரணமில்லை என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. உயிரிழந்த தட்டைச் செல்கள் செங்கல். நடுவில் பூசியிருக்கும் கொழுப்பு, அதாவது செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள், அதுதான் சுண்ணாம்புச் சாந்து. உடம்பின் பெரும்பகுதியில் இந்தச் சுவரின் கனம் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். உள்ளங்கையில் பல மடங்கு கனம் உண்டு, ஆனால் அங்கே எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. மேலிருந்து தானாக எண்ணெய் ஊறாது. தோலுக்கு இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உண்டு, அதை அளக்கும் பி.ஹெச். கணக்கில் 5ஐ ஒட்டி இருக்கும்; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். சாதாரண சோப்பு 9, 10 என்று காரத்தன்மை கொண்டது. ஒரு தரம் கழுவினால் சில மணி நேரத்தில் தோல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதற்குள் நாம் இன்னும் பத்துத் தடவை கழுவிவிடுகிறோமே. நனைவது, காய்வது, நனைவது, காய்வது என்று மாறி மாறி நடக்கும்போது சாந்து கரைந்துகொண்டே போகிறது. அந்த இடுக்கு வழியாகத்தான் பூண்டும் உள்ளே போய் உடம்புக்குப் பகையானது. ஜெர்மனியில் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே 'ஈர வேலை' என்று வகைப்படுத்தித் தொழிலாளியைப் பாதுகாக்க விதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் ஊரில் பாதிப் பெண்கள் ஈரத் தொழிலாளிகள்தான், சம்பளம் மட்டும் கிடையாது.

மருந்து எளிமையானது. நடுத்தர வீரியத்தில் ஒரு ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட், இரவில் ஒரு வேளை, கொஞ்ச நாளைக்கு மட்டும். பிறகு வாரத்தில் இரண்டு நாள் என்று குறைத்து நிறுத்தச் சொன்னார். அளவுக்கு விரல்நுனிக் கணக்கு. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை டியூபைப் பிதுக்கினால் வருவது ஏறக்குறைய அரை கிராம். ஒரு கையின் முன்னும் பின்னும் பூச அது போதும். எனக்கு மூன்று விரல் நுனிதானே, அதில் கொஞ்சமே போதுமானதாக இருந்தது.

மீதியெல்லாம் வாசலின். விலை உயர்ந்த செராமைடு கிரீம் ஒன்றை அண்ணன் மகள் சிபாரிசு செய்தாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாளெல்லாம் கை கழுவுகிற ஆள் தாராளமாகப் பூச வேண்டும், கஞ்சத்தனம் வராத விலையில் இருந்தால்தான் பூசுவீர்கள் என்றார். அதுவும் வாசனை சேர்க்காதது. தேங்காயெண்ணெய்க்கு அத்தை மிகவும் வாதாடினார். வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் நன்றாகவே வேலை செய்கிறது என்று பிலிப்பைன்ஸில் 2004இல் வந்த ஆய்வே இருக்கிறது, அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தோலின் ஈரம் ஆவியாகாமல் மூடிவைப்பதில் வாசலினை மிஞ்ச ஒன்றுமில்லை. அதனால் கால், கைக்கு எண்ணெய், விரல் நுனிக்கு வாசலின் என்று வீட்டில் சமாதானம் ஆயிற்று.

பூசும் நேரம் முக்கியம். கழுவி, துண்டால் ஒற்றி, லேசாக ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். தேய்த்துத் துடைக்கக் கூடாது. இரவில் தாராளமாகப் பூசிப் பருத்திக் கையுறை போட்டுத் தூங்கினேன். பிளந்த இடத்தில் மட்டும் காகித பிளாஸ்திரி.

கையுறை விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. பூண்டின் அந்தச் சத்து, கடையில் கிடைக்கும் பெரும்பாலான கையுறைகளை ஊடுருவிவிடும். ஆக, கையுறை போட்டுக்கொண்டு பூண்டு உரிக்கலாம் என்ற வழி எனக்கு அடைபட்டது. பாத்திரம் அலச மட்டும் உள்ளே பருத்தி, மேலே ரப்பர் என்று போடுகிறேன்; உள்ளே வியர்த்து ஈரமானால் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே இன்னொரு ஈர வேலை.

என்னைக் கேட்டால், களிம்பைவிட வேலையைப் பிரித்ததுதான் கையைக் காப்பாற்றியது. காந்தி மார்க்கெட் பக்கம் உரித்த பூண்டு கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூட, வாசனையும் கொஞ்சம் மட்டு, பரவாயில்லை. கரண்டியால் அள்ளி மிக்ஸியில் போடுகிறேன். ரசத்துக்கு நசுக்குவது அக்காவின் வேலை. அவருக்கும் நாளைக்கு வரலாமே என்று அவரையும் கையால் தொடாமல் கரண்டி பயன்படுத்தச் சொல்லியிருக்கிறேன், "எனக்கெல்லாம் ஒண்ணும் வராதுங்க" என்கிறார். புளியைக் கையால் கரைக்காமல் வெந்நீரில் ஊறவைத்து மத்தால் கடைகிறேன். கழுவுகிற வேலைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே மூச்சில் முடிக்கிறேன். அப்படிச் செய்தால் நனைந்து காயும் தடவைகள் பாதியாகக் குறைகின்றன. இரத்தினக் கற்கள் பதித்த மோதிரம் ஒன்று போட்டிருந்தேன், அதன் அடியில் சோப்பு தங்குகிறது என்று அதையும் கழற்றிப் பீரோவில் வைத்தாயிற்று.

இதில் ஏமாற்றுவது ஒரே ஒரு கட்டம்தான். மருந்து ஆரம்பித்து ஓரிரு வாரத்தில் சிவப்பு போய், தோல் மூடி, பார்க்க நன்றாக ஆகிவிடும். அரிப்பும் இருக்காது. பலர் அங்கேயே வாசலினையும் கட்டுப்பாட்டையும் விட்டுவிடுகிறார்களாம். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் சுவர் முழுசாகக் கட்டி முடிய மாதக் கணக்கில் ஆகும் என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது எலுமிச்சம்பழம். தோல் பார்க்கப் புதுசாக இருந்தபோதும் ஊறுகாய்க்கு நறுக்கினால் சுரீர் என்றது. அந்தச் சுரீர் நிற்கும்வரை வாசலினை நிறுத்தவில்லை. ரேஷன் கடை இயந்திரம் விரலை ஏற்றுக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான்.

இப்போது கட்டைவிரல் ஓரம் மட்டும் பனிக்காலத்தில் கொஞ்சம் சொரசொரக்கும். பூண்டு ஒவ்வாமை போகாது, அது வந்தது வந்ததுதான்.

பேட்ச் டெஸ்ட்டுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வீட்டில் பூசிய எல்லா டியூபையும், காலியானதாக இருந்தாலும், கையோடு கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தள்ளிவைப்பார்கள். முதுகில் எதுவும் பூசாமல் போங்கள். பழைய தளர்வான ரவிக்கையோ நைட்டியோ போட்டுக்கொள்ளுங்கள், அடையாளம் போடும் மை துணியில் ஒட்டினால் போகாது.