முதுமலைக்கு எத்தனை எல்லைகள்?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீலகிரிக் காடுகளைப் பதியத் தொடங்கியபோது, முதுமலையை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். சுற்றி ஒரு கோடு, பெயர் ‘முதுமலை தேசியப் பூங்கா’, அவ்வளவுதான். வரைந்தும் விட்டேன். இரண்டு வாரம் கழித்து, மசினகுடியில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா போன் செய்தார். “தம்பி, உங்க மேப்புல எங்க ஊரே தேசியப் பூங்கான்னு வருதே. அப்ப நாங்க இங்க இருக்கறதே தப்பா?”

எனக்குப் பேச்சே வரவில்லை. மசினகுடி இருப்பது புலிகள் காப்பகத்தின் வெளிமண்டலத்தில், அதாவது நடுக்காட்டைச் சுற்றி ஊர்களும் இருக்கும் பகுதியில். தேசியப் பூங்காவுக்குள் அல்ல. அங்கே வாழ்பவர்களுக்கு இது வீடும் மேய்ச்சலும் பிழைப்பும் சம்பந்தப்பட்ட விஷயம். அன்றே அந்தக் கோட்டை நீக்கினேன்.

சரி, முதுமலை என்ற பெயருக்குள் எத்தனை அறிவிப்புகள் இருக்கின்றன என்று பிரித்து எழுதிப் பார்த்தேன். 1940-ல் சரணாலயம். அதில் சுமார் 103 சதுர கி.மீ. பரப்பு 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. 2007-ல் புலிகள் காப்பகம்; உள்மண்டலம் 321 சதுர கி.மீ., வெளிமண்டலத்தையும் சேர்த்தால் 688.59. இவை அனைத்தும் 1986-ல் அறிவிக்கப்பட்ட, மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கி.மீ. பரந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் அடக்கம். உயிர்க்கோளக் காப்பகத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. மற்ற மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெவ்வேறு பிரிவுகளில் வருகின்றன. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனி ரிலேஷனாகத்தான் (பல கோடுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு எல்லையாக்கும் பதிவு) பதிய வேண்டும். ஒரே கோடு இரண்டு எல்லைகளுக்குப் பொதுவாக இருக்கலாம். மோயாற்றை ஒட்டி வரும் கோடு முதுமலைக்கும் அதை ஒட்டிய கர்நாடகத்தின் பந்திப்பூருக்கும் சேர்த்தே உதவியது.

ஒவ்வொரு பதிவிலும் பாதுகாப்பு வகையைக் குறிக்கும் வகுப்பு எண்ணைப் பொறுத்தவரை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வகைப்பாட்டில் தேசியப் பூங்காவுக்கு 2, நம் சரணாலயங்களுக்குப் பெரும்பாலும் 4. வெளிமண்டலத்துக்கு எந்த எண்ணும் ஒட்டவில்லை. அதைக் காலியாக விட்டு, ஆணையில் உள்ள பெயரை மட்டும் எழுதினேன். ஊகித்துப் போட்ட எண்ணைவிட அது எவ்வளவோ மேல்.

நாள் பிடித்தது எல்லையை வரைவதுதான். கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுக்க உரிமம் இடம்தராது. வரைபடம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தும் கிடைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது அரசிதழ் அறிவிப்புதான். அதில் எல்லை முழுக்க வார்த்தைகளாகவே இருக்கும்: இந்த எல்லைக்கல்லில் தொடங்கி, இந்த ஓடையோடு இறங்கி, அந்த மேட்டின் முகட்டைப் பிடித்து, இன்ன சர்வே எண்ணின் தெற்கு ஓரமாக. ஒரு வரியைப் படிப்பது, செயற்கைக்கோள் படத்தில் அந்த ஓடையைத் தேடுவது, அப்புறம் அடுத்த வரி. இப்படியே இரவுகள் போயின. நானே நடந்த காடு, எழுத்தில் வேறு மாதிரி விரிந்தது.

முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் பரப்பு 78.46 சதுர கி.மீ. நான் வரைந்தது 90-ஐத் தாண்டியது. மேற்கே மலை செங்குத்தாக இறங்கும் விளிம்பில் நிற்க வேண்டிய கோட்டை, கேரளப் பக்கச் சரிவுக்குள் இறக்கிவிட்டிருந்தேன். அன்றிலிருந்து எதை வரைந்தாலும் பரப்பளவை ஆணையோடு ஒப்பிடாமல் பதிவேற்றுவதில்லை. இந்தப் பழக்கத்தை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

கோத்தகிரி லாங்வுட் சோலை சிறியது, 116 ஹெக்டேர். காப்புக்காடு என்பது ஒரு பதிவு, 2024-ல் கிடைத்த ராம்சார் தகுதி (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) இன்னொன்று. அரை நாளில் முடிந்தது.

புதிய கோடுகள் ஏறியதும் மசினகுடி அக்காவுக்குப் படம் அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஊருக்கு மேற்கே ஓர் ஓடைக்குப் பெயர் தவறாக இருக்கிறது என்றார். இப்போது அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.