405 கிராம் லென்ஸும் மூன்று சோழர் கோயில்களும்

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். வலது தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர் சின்ன மிரர்லெஸ் கேமராவுக்கு எந்த லென்ஸ் எடுத்துப் போக வேண்டும் என்று போன மாதம் நான் தேடாத இடமில்லை. உருப்படியாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதனால் வலி ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். செலவு, வழி, லென்ஸ் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆசை.

என் கேமரா சோனி ஏ6000. 2014-இல் வந்த மாடல். பேட்டரியோடு 344 கிராம். கூடவே வந்த 16-50 மி.மீ. கிட் லென்ஸ் 116 கிராம். (மி.மீ. எண் குறைந்தால் காட்சி அகலமாக விழும், கூடினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்.) இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ வராது. இந்த எடைக்காகவே கனமான பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை விற்றவன் நான். ஆனால் "கோயில்னா வைடு வேணும், உள்ளே இருட்டு, எஃப் 1.4 இல்லாம போகாதே" என்று ஆளாளுக்குச் சொன்னதில் மனசு தடுமாறி, சிக்மா 16 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தேன். வைடு என்றால் அகலக் காட்சி பிடிக்கும் லென்ஸ்; எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். வாடகை 1,500 ரூபாய். மொத்தப் பயணத்துக்கே 6,000 ஒதுக்கியிருந்தேன், அதில் கால்வாசி போயிற்று. லென்ஸின் எடை 405 கிராம். கேமராவைவிட லென்ஸ் கனம்! கழுத்தில் மாட்டினால் கேமரா தலைகுப்புறத் தொங்குகிறது. பையில் இவை போக, என்னுடைய சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4, செகண்ட் ஹேண்டில் வாங்கிய, தூரத்தைக் கிட்டே இழுக்கும் சோனி 55-210 மி.மீ. ஜூம்.

உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூரில் இறங்கி, விடிந்ததும் பெரிய கோயில். கிழக்கு பார்த்த கோயில் என்பதால் காலை வெயில் நேராக விமானத்தின் முகத்தில் விழுகிறது. 1010-இல் ராஜராஜன் முடித்த விமானம் அந்த வெளிச்சத்தில் தேன் நிறத்தில் நின்றது. வாடகை லென்ஸை மாட்டி எடுத்தேன். பிறகு அதே இடத்தில் நின்று கிட் லென்ஸை 16-இல் வைத்து எடுத்தேன். இரண்டும் எஃப் 8. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். கிட் லென்ஸில் ஓரங்கள் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். வெட்டவெளியில், நல்ல வெயிலில், எஃப் 1.4 எதற்கு? எஃப் 8-க்கு மூடிவிட்ட பிறகு அத்தனை பெரிய கண்ணாடிக்கு வேலையே இல்லை. அதற்கா 1,500 ரூபாய்?

வைடு விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நந்தி மண்டபத்தைத் தாண்டிக் கிட்டே போய், கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வைடு லென்ஸாக இருந்தாலும் இந்தக் கோளாறு வரும். பின்னால் நடந்து கோபுர வாசல் பக்கம் போய்விடுங்கள். அங்கிருந்து 30 மி.மீ.யிலேயே விமானம் முழுசாக அடங்குகிறது, நிமிர்ந்தும் நிற்கிறது.

ஆனால் 55-210! அதை எடுத்து மேலே திருப்பியதும் எனக்கு வேறு கோயில் தெரிந்தது. விமானத்தின் வடக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் மாதிரி ஓர் உருவம் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி. 210-இல் தொப்பியின் விளிம்பு தெரிகிறது. மாடம் மாடமாக ஏறிக்கொண்டே போனேன். தரை சுடத் தொடங்கியதுகூடத் தெரியவில்லை. செருப்பில்லாத கால், மார்ச் வெயில். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்தரையில் நிற்க முடியாது, அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் போன கதை வேண்டாம், சாதாரண பஸ். மறுநாள் காலை ஒரு மெஸ்ஸில் இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து குழைந்து, சோம்பு வாசம் மேலே நிற்க, தொட்டுக்கொள்ள அல்ல, இட்லியை முக்கிச் சாப்பிட. ஆறு இட்லி உள்ளே போனது. டிகிரி காபியோடு சேர்த்து 90 ரூபாய். இந்தப் பயணத்தில் மனசாரக் கொடுத்த காசு அதுதான்.

மனசு எரியக் கொடுத்த காசு அடுத்த அரை மணி நேரத்தில். தாராசுரம் கும்பகோணத்திலிருந்து நாலு கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் 200 என்று பேசி ஏற்றினார். கோயில் வாசலில் 400 கேட்டார். "பெரிய கேமரா வச்சிருக்கீங்க, இதுகூடவா சார்" என்றார். அந்தத் தடித்த வாடகை லென்ஸைப் பார்த்துச் சொன்னது அது. 300 கொடுத்துத் தொலைத்தேன். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் வந்தேன். நீங்கள் போகும்போதும் பஸ்ஸிலேயே போங்கள்.

தாராசுரத்துக்குள் போனதும் கோபம் எல்லாம் எங்கோ போய்விட்டது. இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், 12-ஆம் நூற்றாண்டு. முன்மண்டபத்தைத் தேராகவே செய்து, சக்கரமும் குதிரையும் வைத்திருக்கிறார்கள். தெற்குப் பக்கம் என்பதால் காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து சக்கரத்தின் ஆரங்கள் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கின்றன. உள்ளே தூண்களில் சாண் அகலக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு கதை. கருவறையின் வெளிச்சுவரில் கீழே நாயன்மார் கதைகள் வரிசையாக ஓடுகின்றன. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சியைத் தேடிப் பிடித்து, தரையில் உட்கார்ந்து எடுத்தேன். இங்கே சிற்பி வேலை செய்திருப்பது விரல் அளவில். வைடு லென்ஸ் வைத்து என்ன செய்வது? 30 மி.மீ.தான் கேமராவை விட்டு இறங்கவே இல்லை. ஓர் அடி தள்ளி, அதாவது 30 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்கிறது. புடைப்புச் சிற்பத்துக்கு ஆழம் குறைவு என்பதால் எஃப் 2-இல் வைத்தாலும் மூக்கும் காதும் சேர்ந்து தெளிவாக விழுகின்றன.

மண்டபத்து இருட்டைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். டிரைபாட் வைக்கத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், அதனால் கையில்தான் பிடிக்க வேண்டும். ஏ6000 உடம்பில் நடுக்கத்தைத் தாங்கும் வசதி கிடையாது, இரண்டு சிக்மா லென்ஸிலும் கிடையாது. கிட் லென்ஸில் ஓஎஸ்எஸ் என்ற பெயரில் அந்த வசதி இருக்கிறது. மூச்சைப் பிடித்து, தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு, 16-இல் வைத்து ஷட்டரை நொடியில் எட்டில் ஒரு பங்கு வரை இறக்கினேன். கல் அசையாதே! பத்துப் படத்தில் ஏழு தெளிவாக வந்தன. ஆனால் விளக்கேற்ற ஒரு அம்மா வந்தபோது இந்த வித்தை பலிக்கவில்லை, அவர் கை அசைந்து கலைந்துவிட்டது. சட்டென்று 30-ஐ மாட்டி எஃப் 1.4-இல் எடுத்தேன். கிட் லென்ஸின் நீள முனையில், அதாவது 50 மி.மீ.யில் கிடைக்கும் எஃப் 5.6-ஐவிட இது 16 மடங்கு வெளிச்சம். ஆள் நடமாட்டத்துக்குத்தான் 1.4 வேண்டும், கல்லுக்கு இல்லை.

மூன்றாம் நாள் மதியம் கங்கைகொண்ட சோழபுரம். வடக்கு வாசல் படிக்கட்டு ஓரம் அடியார் சண்டேசருக்குச் சிவன் தன் கையால் கொன்றை மாலை சுற்றிவிடும் சிற்பம். மாலையை வாங்கிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வடக்குப் பக்கம் என்பதால் நேர் வெயில் படாமல் மெல்லிய வெளிச்சம், நிழல் எங்கும் குத்தவில்லை. 30-இல் முழுச் சிற்பம், 55-210-இல் மாலை சுற்றும் விரல்கள் மட்டும். வாடகை லென்ஸ் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

ஆகவே, கிட் லென்ஸைக் கழற்றி எறியாதீர்கள். கையில் காசு இருந்தால் முதலில் 30 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்), அப்புறம் செகண்ட் ஹேண்டில் 55-210. என்னுடையது 11,000 ரூபாய், எடை 345 கிராம். 16 எஃப் 1.4 நல்ல லென்ஸ்தான், இரவு வானமோ கல்யாண மண்டபமோ எடுப்பவர் வாங்கட்டும்.

திரும்பும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பையோடு தள்ளாடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "பைய இப்படிக் குடு தம்பி" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வைத்ததும் நிமிர்ந்து பார்த்து, "ஏப்பா, கோயில்லேருந்து கல்லையா பேத்து எடுத்துட்டு வர்ற?" என்றார். கும்பகோணம் வரும்வரை இறக்கி வைக்கவே இல்லை அவர்.