தாளுக்கு முன்னால் தாளம்: வகுப்பு நாட்குறிப்பு

ஜூன் 4

புது வகுப்பு இன்று தொடங்கியது. ஆறு பேர். வயலின் சிறுமி ஒருத்தி, கீபோர்டு இரண்டு பேர், கிட்டார் பையன், ஏற்கெனவே மிருதங்கம் கற்றுக்கொள்ளும் ஒரு பையன், பணி ஓய்வுக்குப் பிறகு புல்லாங்குழலை எடுத்த பெரியவர் ஒருவர். எல்லோருக்கும் கருவியை ஓரளவு வாசிக்க வரும். ஆனால் இசைக்குறிகள் எழுதிய தாளில் இருக்கும் தாளம் பிடிபடாது. யாராவது ஒருமுறை வாசித்துக் காட்டினால்தான் கை நகரும்.

அதனால் இன்று தாளையே எடுக்கவில்லை. சீராக டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 72 பீட்டில் வைத்து நடக்கச் சொன்னேன், பீட்டுக்கு ஒரு அடி. கால் நிதானப்பட்டதும் அடிக்கு ஒரு கைதட்டு, அப்புறம் அடிக்கு இரண்டு. அங்கேதான் சிக்கல். தட்டு இரண்டானதுமே நாலு பேருடைய கால் ஓட ஆரம்பித்தது. ஓசை கூடினால் வேகமும் கூடிவிட்டதாக உடம்பு எடுத்துக்கொள்கிறது. இதை வாயால் விளக்கித் தீர்க்க முடியாது. 60-க்கு இறக்கி, மூன்று பேரை நடக்கவும் மூன்று பேரைத் தட்டவும் விட்டேன். நடப்பவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே தட்டியபோது அந்த அவசரம் அடங்கியது.

ஜூன் 7

இன்று சொற்கள். ஒரு பீட் நீளும் குறியான குரோச்செட்டுக்கு ‘தா’. அதை இரண்டாகப் பிரித்த குவேவர்களுக்கு ‘தா-தி’. நான்காகப் பிரித்த செமிகுவேவர்களுக்கு ‘தகதிமி’.

மிருதங்கப் பையன் உடனே கையைத் தூக்கினான். “ரெண்டுன்னா ‘தக’ தானே டீச்சர்? நீங்க ஏன் ‘தாதி’ன்னு சொல்றீங்க?”

நியாயமான கேள்வி. மிருதங்கக்காரர்கள் தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டில் இரண்டுக்குத் தக, மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட. அங்கே சொல்லைக் கேட்டாலே எத்தனை என்று தெரிந்துவிடும். எழுதியதைப் படிக்கும்போதோ, அந்தச் சுரம் பீட்டுக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். அமெரிக்க இசை ஆசிரியர்கள் மூவர் 1996-இல் வெளியிட்ட ஒரு முறை இதற்காகவே தகதிமியை எடுத்து, ஒவ்வொரு அசையையும் ஒவ்வோர் இடத்தில் கட்டிப்போட்டது. பீட் விழும் இடம் எப்போதும் ‘த’, நீண்டால் ‘தா’. சரிபாதியில் எப்போதும் ‘தி’.

போர்டில் தகதிமி என்று எழுதி, ‘க’வையும் ‘மி’யையும் அழித்துக் காட்டினேன். “ஓ, அந்த ரெண்டும் போயிட்டா தாதி!” என்றான். அப்புறம் அவனே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். ‘மி’யை மட்டும் அழித்தால் ‘தகதி’. ‘க’வை மட்டும் அழித்தால் ‘தாதிமி’. குழந்தைகள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டு வடிவங்கள் அழிப்பானால் அரை மணி நேரத்தில் பிரிந்துவிட்டன.

ஜூன் 14

புள்ளி வைத்த குவேவர் (முக்கால் பீட்), பின்னால் ஒரு செமிகுவேவர் (கால் பீட்). கிட்டார் பையன் அதைத் தகிடவில் முதலும் கடைசியும் போல் தளர்த்தி வாசித்தான். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள். தகதிமியை முழுதாகச் சொல்லச் சொல்லி, ‘கதி’யை மட்டும் கிசுகிசுக்க வைத்தேன். தா... மி. தா... மி. கடைசி அசை அடுத்த ‘தா’வின் தோளில் போய் ஒட்டிக்கொண்டது. கிசுகிசுப்பை நிறுத்திய பிறகும் அந்த இடம் நகரவில்லை.

ஜூன் 21

இந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான்கு பீட் கொண்ட ஒரு பாரில் (தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே வரும் பகுதி) மூன்றாவது பீட் மௌனம். தா, தா, மௌனம், தா. இவ்வளவுதான். ஆனால் வயலின் சிறுமி ஒவ்வொரு முறையும் அந்த மௌனத்தைப் பாதியிலேயே விழுங்கிவிட்டு நான்காவதுக்குத் தாவினாள். சுரங்களில் ஒரு பிழையும் இல்லை. “எண்ணிக்கோ” என்று மூன்று முறை சொன்னேன். அது என் தவறு. அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். ஓசை இல்லாத இடத்தில் செய்ய ஒன்றுமில்லாததால் எண்ணிக்கையே ஓடியது.

ஆதி தாளம் போடும்போது வீச்சுக்கு ஓசை கிடையாது. ஆனால் கை சும்மா இருப்பதில்லை, புரண்டு விழுகிறது. அதைத்தான் எடுத்துக்கொண்டேன். மௌனக் குறி வரும் இடத்திலெல்லாம் கையைத் திருப்பி வீசச் சொன்னேன். பெரியவர் இன்னொன்று சேர்த்தார்: “நான் அங்க மூச்சு எடுத்துக்கறேன்மா. குழலுக்கு எப்படியும் வேணுமே.” எல்லோரும் அப்படியே செய்தோம். தட்டு, தட்டு, மூச்சோடு வீச்சு, தட்டு. சிறுமியின் நான்காவது அடி சரியாக விழுந்தது. அவள் முகத்தில் பெரிய மாற்றமெல்லாம் இல்லை. ஆனால் தானாகவே முதலிலிருந்து இன்னொரு தடவை செய்தாள்.

மௌனத்தைக் காத்திருக்கும் நேரமாகவே இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இனி அதையும் வாசிக்கும் ஒரு சுரமாகவே சொல்லித்தரப் போகிறேன்.

ஜூன் 25

ஆறு-எட்டு, அதாவது ஒரு பாருக்கு ஆறு குவேவர். ஆறு வரை எண்ண வேண்டாம், ஒரு பாருக்கு இரண்டு அடி, அடிக்கு ஒரு தகிட என்றேன். சுலபமாக வந்தது.

ஜூலை 2

இன்று கண்ணுக்குப் பயிற்சி. ஒரு போஸ்ட் கார்டை வைத்துக்கொண்டு, அவர்கள் ஒரு பாரைத் தொடங்கியதுமே அதை மூடிவிட்டேன். வாய் ஒரு பாரில் இருக்கும்போது கண் அடுத்ததுக்குப் போயாக வேண்டும். முதலில் எல்லோருமே தவித்தார்கள். கீபோர்டு பிள்ளைகளில் மூத்தவள், “கார்டைத் தூக்குங்க டீச்சர், ப்ளீஸ்” என்று கெஞ்சினாள். வேகத்தை 50-க்கு இறக்கினேன், கார்டைத் தூக்கவில்லை. வேகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். பழகிய இடத்திலேயே கண் தங்கிப்போக மட்டும் விடக்கூடாது.

ஜூலை 9

குவேவர், குரோச்செட், குவேவர். இதில் நடுச்சுரம் ஒரு பீட்டின் பாதியில் பிறந்து அடுத்த பீட்டைத் தாண்டி நிற்கிறது. முதலில் நான்கு குவேவராகவே எழுதினேன்: தா-தி-தா-தி. நன்றாக ஓடியதும் நடு இரண்டையும் வளைகோட்டால் ஒரே சுரமாகக் கட்டினேன். “ரெண்டாவது தாவை வாய் சொல்ல வேண்டாம், கால் சொல்லட்டும்” என்றேன். ஜூன் 4 நடை இன்றைக்கு உதவியது. கால் நிற்காதவர்களுக்குச் சட்டென்று வந்தது. கிட்டார் பையனின் கால் மட்டும் வாயோடு சேர்ந்து நின்றுவிட்டது. அவனோடு தனியாகப் பத்து நிமிடம் அறையைச் சுற்றி நடந்தேன். இன்னும் முழுதாக வரவில்லை. அடுத்த வாரமும் நடப்போம்.

ஜூலை 16

யாரும் இதுவரை பார்க்காத எட்டு பார் எழுதிக் கொண்டுபோனேன். விதி ஒன்றுதான்: தவறினால் நிற்கக்கூடாது, திரும்பப் போகக்கூடாது, அடுத்த பாரின் முதல் ‘தா’வில் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளவிட்டு, நான்கு பீட் எண்ணிக்கொடுத்து மெட்ரோனோமை நிறுத்திவிட்டேன்.

ஐந்தாவது பாரில் வயலின் சிறுமி தொலைந்துபோனாள். போன மாதமாக இருந்தால் நிமிர்ந்து என்னைப் பார்த்திருப்பாள். இன்று வாய் மூடிக்கொண்டது, கை மட்டும் வீச்சு போட்டுக்கொண்டே இருந்தது. வீச்சு, வீச்சு, வீச்சு. ஆறாவது பாரின் ‘தா’வில் மற்ற ஐந்து பேரோடும் சரியாக வந்து விழுந்தாள்.